பெயருக்கு விலையா, மணத்திற்கு விலையா?

நறுமணப் பொருள் வாங்குவதிலும் ஓர் அறம் உண்டோ என்று இம்மலரைப் புரட்டுவோர் வியக்கக்கூடும். உண்டு என்பதே நம் துணிபு. அயல்நாட்டு வாசனைத் திரவியம் ஒன்று பெருங்கடையின் கண்ணாடிப் பேழைக்குள் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றது. ஏறத்தாழ அதே மணத்தைத் தரும் மற்றொரு குப்பி, அதன் பத்தில் ஒரு பங்கு விலைக்கு அடுத்த தெருவில் கிடைக்கின்றது. எதை வாங்குவது? பின்னதை வாங்குபவர் தாழ்ந்தவரா? முன்னதை வாங்குபவர் வீண்செலவாளியா? விடுதி அறைகளிலும் திருமண வீடுகளிலும் வளைகுடாவிலிருந்து வந்த பெட்டியைப் பிரிக்கும் கூடங்களிலும் இவ்வினா இன்று ஓயாமல் எழுகின்றது. மலிவான குப்பியை வாங்குவதில் இழிவு ஏதுமில்லை, அது தன் சொந்தப் பெயரைத் தாங்கியிருக்கும் வரையில் என்பதே நாம் கூற விழையும் விடை. பெரும்பொருள் கொடுத்து வாங்குவோரையும் நாம் பழிக்கவில்லை. ஆனால் அவர் கொடுக்கும் பணம் எதற்குப் போகிறது என்பதை அவர் அறிந்திருத்தல் நன்று.

இத்தகைய மாற்றுக் குப்பியை இளைஞர் 'டூப்' என்கின்றனர். இரட்டைப்படியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம் அது. தமிழகத்தில் அச்சொல் வேறொரு துறையில் முன்னரே வேரூன்றியிருந்தது. திரைப்படத்தில் நாயகனுக்குப் பதிலாக மாடியிலிருந்து குதிப்பவரை டூப் என்போம். எலும்பு முறிவது அவருக்கு, கைதட்டல் நாயகனுக்கு. வாசனைக் குப்பிகளின் உலகில் கைதட்டல் யாருக்கு, உழைப்பு யாருடையது என்று ஆராயப் புகுவோர்க்கு இந்தத் தமிழ் வழக்கு ஒரு நல்ல கைவிளக்காகும்.

பேச்சு பொதுப்பட நில்லாதிருக்க ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். கிரீட் என்னும் நிறுவனம் 2010-ஆம் ஆண்டில் 'அவென்டஸ்' என்னும் ஆடவர் வாசனையை வெளியிட்டது. முதலில் அன்னாசியின் இனிய புளிப்பு. அதன்பின் பிர்ச் மரப் புகையின் மெல்லிய கரிப்பு. இறுதியில் கஸ்தூரியும் மரப்பாசியும் கலந்த அடிமணம். இந்த அடுக்கு உலகெங்கும் பலரைக் கவர்ந்தது. 2015-இல் ஐக்கிய அரபு அமீரகத்தைச் சேர்ந்த அர்மாஃப், 'கிளப் டி நுயி இன்டென்ஸ் மேன்' என்பதை வெளியிட்டது. இரண்டையும் முகர்ந்தோர் அறிவர்: அர்மாஃப் தெளித்தவுடன் எலுமிச்சையின் கூர்மை மூக்கைச் சற்றே தாக்கும், அவென்டஸில் அந்த முரட்டுத்தனம் இராது. அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி வந்துவிடும். அருகில் அமர்ந்திருப்பவர் வேறுபாடு காண்பது அரிது. விலையோ ஏறத்தாழப் பத்துக்கு ஒன்று. கிரீட் குப்பியின் விலையில் கல்லூரி மாணவர் ஒருவரின் பல மாத உணவுக் கட்டணத்தைக் கட்டிவிடலாம்.

அவ்வளவு பெரிய வேறுபாடு எங்கிருந்து வருகின்றது? குப்பிக்குள் இருக்கும் நீர்மத்திலிருந்து மட்டும் வரவில்லை என்பது இத்தொழிலை அறிந்தோர் ஒப்புக்கொள்ளும் செய்தி. கனத்த கண்ணாடி, பெட்டி, விளம்பரத்தில் தோன்றும் முகம், பெருநகர்ப் பெருந்தெருவில் கடைவாடகை, விற்பவரின் இலாபம், இறக்குமதி வரி, இவையனைத்தும் அவ்விலைக்குள் அடக்கம். வரலாறும் அடக்கம். தான் 1760-இல் இலண்டனில் தோன்றியதாக கிரீட் கூறிக்கொள்கின்றது. அந்தப் பழைமைக்கும் வாங்குபவரே விலை தருகின்றார். 2023-இல் கெரிங் என்னும் பிரெஞ்சுக் குழுமம் கிரீட் நிறுவனத்தை 350 கோடி யூரோவுக்கு வாங்கியது. கொப்பரைகளுக்கும் குழாய்களுக்கும் யாரும் இவ்வளவு கொடுப்பதில்லை. கைமாறியது பெயர்.

பெயர் என்பது வெறுமை என்று நாம் சொல்ல வரவில்லை. பெயரில் உறுதிமொழி உண்டு. பழுது நேர்ந்தால் கேட்பதற்கு ஒரு முகவரி உண்டு. ஆயினும் அவென்டஸை விரும்புவோரே ஓர் ஆண்டுத் தொகுதிக்கும் மற்றோர் ஆண்டுத் தொகுதிக்கும் மணம் வேறுபடுகின்றது என்று வாதிடுவதைக் காண்கிறோம். பழம்பெரும் வாசனைகளின் நிலையும் இதுவே. தோல் ஒவ்வாமையை முன்னிட்டு ஓக் மரப்பாசியின் அளவு குறைக்கப்பட்டது. லிலியால் என்னும் பூமணப் பொருளை 2022 மார்ச்சு முதல் ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்தது. ஆகவே அதே பெயர், அதே பெட்டி, அதே குப்பி. உள்ளிருப்பது மட்டும் பாட்டனார் பூசிய மணம் அன்று. 'அசல்' என்று நாம் கைகூப்பி வாங்குவதே தன் அசலினின்றும் சற்று விலகியதாய் இருத்தல் கூடும்.

இனி, ஒரு மணத்தை எவ்வாறு படியெடுக்கின்றனர்? வாயு நிறப்பிரிகையும் நிறைமாலையும் இணைந்த கருவியில் ஒரு துளியைச் செலுத்தினால், அதிலுள்ள ஆவியாகும் பொருள்கள் ஒவ்வொன்றாய்ப் பிரிந்து, இன்னது இவ்வளவு என்று பட்டியலாய் வெளிப்படும். செயற்கைப் பொருள்களை அது எளிதில் காட்டிக்கொடுக்கும். மல்லிகையோ ரோசாவோ சேர்ந்திருந்தால் நூற்றுக்கணக்கான நுண்பொருள்கள் பின்னிக் கிடக்கும்; அங்கே கருவி திணறும்; தேர்ந்த மூக்கொன்று துணை நிற்க வேண்டும். மலிவுக் குப்பி பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். எலுமிச்சை கூர்மையாய்க் குத்துவதும், மலர் சற்றே சோப்பு வாசம் வீசுவதும், இயற்கைச் சாற்றின் இடத்தில் விலை குறைந்த பொருள் அமர்ந்திருப்பதன் அடையாளம் எனலாம்.

அவ்வாறு படியெடுப்பது களவு அன்றோ என்று கேட்போர் உளர். இவ்வினாவை நீதிமன்றங்களும் எதிர்கொண்டன, எதிரெதிராய் விடையளித்தன. 2006-ஆம் ஆண்டு ஜூன் 13 அன்று பிரான்சு நாட்டின் உச்ச நீதிமன்றம், வாசனைத் திரவியத்தின் மணம் பதிப்புரிமைக்கு உரியதன்று என்று தீர்ப்பளித்தது. மூன்று நாள் கழித்து, ஜூன் 16 அன்று, நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம் லங்கோம் நிறுவனத்தின் 'ட்ரெசோர்' மணத்திற்குப் பதிப்புரிமை உண்டு என்றது. வாசனைத் தொழிலின் தாயகமாகிய பிரான்சே மறுத்த உரிமையை அண்டை நாடு வழங்கியது வியப்பன்றோ! புதிதாய்க் கண்ட ஒரு மூலக்கூற்றுக்குக் காப்புரிமை பெறலாம். அதுவும் 20 ஆண்டுகளில் தீர்ந்துவிடும். கலவையின் சூத்திரத்தைப் பெரும்பாலும் மறைபொருளாகவே காக்கின்றனர். மறைத்து வைத்ததைப் பிறர் தம் முயற்சியால் கண்டறிந்தால் தடுக்க வழியில்லை.

ஆனால் பெயரைத் தொட்டால் நிலைமை மாறிவிடுகின்றது. 1960-களில் அமெரிக்காவில் ஒருவர் 'செகண்ட் சான்ஸ்' என்னும் வாசனையை 7 டாலருக்கு விற்றார். 25 டாலர் விலையுடைய ஷனேல் எண் 5-க்கும் அதற்கும் வேறுபாடே இல்லை என்று விளம்பரமும் செய்தார். ஷனேல் வழக்குத் தொடுத்தது. காப்புரிமையற்ற பொருளைப் படியெடுக்கலாம். எதைப் படியெடுத்தோம் என்று உண்மையாய்ச் சொல்லவும் செய்யலாம் என்று 1968-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. வழக்கு கீழ்நீதிமன்றத்திற்குத் திரும்பியபோது வேதியியற் சோதனை இரண்டும் ஒன்றல்ல என்று காட்டிவிட்டது. படியெடுத்ததற்காக அவர் தோற்கவில்லை. 'இரண்டும் ஒன்றே' என்ற பொய்க்காகத் தோற்றார். ஐரோப்பா இன்னும் கடுமையானது. லொரேயால் தொடுத்த பெல்லூர் வழக்கில் 2009 ஜூன் 18 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், எம்முடைய இன்ன குப்பி இன்ன புகழ்பெற்ற வாசனைக்கு நிகர் என்று ஒப்பீட்டுப் பட்டியல் கொடுத்து விற்பதே முறையற்றது என்றது. இத்தீர்ப்பு நமக்கு முழுதும் உடன்பாடன்று. மெய்யாகவே நிகரானதை நிகர் என்று சொல்லவும் ஏழை வணிகனுக்கு வாயில்லையா? அமெரிக்க நீதிமன்றத்தின் வழியே நடுவுநிலை சார்ந்தது என்பது நம் கருத்து.

வாசனைக் கலையின் வரலாற்றைப் புரட்டினால், பெரியோர் என்று போற்றப்படுவோரும் பிறர் மணத்தை முகர்ந்து கற்றவர்களே என்பது விளங்கும். 1917-இல் பிரான்சுவா கோட்டி 'ஷீப்ர்' என்னும் வாசனையை வெளியிட்டார். மரப்பாசியையும் நாரத்தை இனத்துப் பழத்தோலின் மணத்தையும் இணைத்தது அது. இரண்டே ஆண்டில் கெர்லான் நிறுவனம் அவ்வெலும்புக்கூட்டின்மேல் பீச் பழ மணத்தைப் போர்த்தி 'மிட்சூக்கோ' என்று வெளியிட்டது. இன்று உலகம் போற்றுவது மிட்சூக்கோவை. அதைப் போலி என்று எவரும் ஏசுவதில்லை. அதற்குத் தன் பெயர் இருந்தது. தனக்கென ஒரு புதுமையும் இருந்தது.

இன்னும் ஆழ்ந்து நோக்கின், இற்றை நாளின் நறுமணங்களுள் பல இயற்கையின் படிகளே. கஸ்தூரியைக் கொள்வோம். நம் இலக்கியத்தில் அதற்குத் தனி இடம் உண்டு. உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் நபிகள் நாயகத்தின் திருமேனி கத்தூரி மணம் கமழ்ந்ததாகப் பாடுகின்றார். அந்தக் கத்தூரியைப் பெற இமயச் சாரலின் மானைக் கொல்ல வேண்டியிருந்தது. 1888-இல் ஆல்பர்ட் பௌர் என்னும் செருமானிய வேதியியலார் வெடிமருந்தை ஆராய்ந்து கொண்டிருந்தபோது, கஸ்தூரியை ஒத்த மணமுடைய பொருளொன்றைக் கண்டார். வெடிமருந்துச் சாலையில் நறுமணம் பிறந்த விந்தை அது! இன்று எந்தக் கடையில் 'வெண்கஸ்தூரி' வாங்கினாலும் அது ஆய்வகத்தின் ஆக்கமே. திமிங்கிலத்தின் குடலில் விளையும் அம்பருக்கும் ஒரு செடியின் சாற்றிலிருந்து மாற்று கண்டுவிட்டனர். இவையெல்லாம் 'டூப்' அல்லவோ? மானுக்காக அந்த டூப் குதித்திருக்கின்றது.

அகிலின் கதையும் இதனோடு ஒட்டியது. 'ஊது' என்று அரபு வணிகர் போற்றுவது நம் சங்க நூல்கள் அறிந்த அகிலையே. கடல்வழி வந்த பண்டங்களுள் அகிலையும் சந்தனத்தையும் கருப்பூரத்தையும் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை சேர்த்துக் கூறுகின்றது. அகில் மரம் தானே மணப்பதில்லை. பூஞ்சை தாக்கிய இடத்தில், தன்னைக் காத்துக்கொள்ள மரம் சுரக்கும் கரும்பிசினே மணம் தருகின்றது. அஸ்ஸாமில் ஹோஜாய் வட்டாரம் அதற்குப் பெயர்பெற்றது. அம்மரம் அருகிவிட்டமையால் 1995 முதல் அதன் பன்னாட்டு வணிகம் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டது. 2002-க்குப் பின் மேலை நாட்டாரும் ஊது மோகத்தில் வீழ்ந்தனர். அவர்கள் விற்கும் 'ஊது' வாசனைகளுள் பெரும்பாலானவற்றில் மரத்தின் சாறு அரிது. செயற்கைக் கலவையே மிகுதி. பெரும்பொருள் கொடுத்து வாங்கிய ஊதும் மலிவான ஊதும், மரத்தைக் காணாதவை என்னும் அளவில் உடன்பிறப்புகளே.

ஆனால் நம் கருத்துக்கு எதிராய் நிற்கும் வலிய வாதம் ஒன்றை மறைத்துவிட்டு மேலே செல்லுதல் முறையன்று. புதியதொன்றை உருவாக்க ஆண்டுக்கணக்கில் உழைத்தவர் ஒருவர்; அவ்வுழைப்பின் கனியைச் சில மாதங்களில் கருவியைக் கொண்டு பறிப்பவர் மற்றொருவர். படியெடுப்போரே பெருகிவிட்டால் புதிது படைக்க யார் முன்வருவர்? இவ்வாதத்தில் உண்மை உண்டு. இருப்பினும் இழப்பு யாருக்கு என்பதைப் பிரித்தறிய வேண்டும். ஷனேல், கெர்லான் போன்ற சிலர் தமக்கென மணக்கலைஞரை வைத்துள்ளனர். ஏனைய பெரும்பெயர்களில் பெரும்பாலானவற்றுக்கு மணம் வகுத்துக் கொடுப்பவை ஜிவோடான், ஐ.எஃப்.எஃப்., சிம்ரைஸ், 2023-இல் இரு நிறுவனங்கள் இணைந்து உருவான டிஎஸ்எம்-ஃபிர்மனிக் போன்ற பேராலைகள். மணக்கலைஞர் அங்கே ஊதியம் பெறுபவர். அவர் சமைத்த மணம் கோடிக் குப்பிகள் விற்றாலும் சூத்திரம் அவருடையதன்று. புத்தகத்தின் அட்டையில் நூலாசிரியர் பெயர் இருக்கும். குப்பியின்மேல் அவர் பெயர் தோன்றுவது அரிது. அவரும் ஒரு டூப் தாமே!

படைத்தவரின் உழைப்பைப் பற்றிப் பேசுவோர் பூப்பறிப்போரின் உழைப்பையும் நினைக்க வேண்டும். இதில் தமிழகத்திற்கு நேரான பங்குண்டு. நிலக்கோட்டை, சத்தியமங்கலம் வட்டாரங்களில் விளையும் மல்லிகை கூந்தலுக்கு மட்டும் செல்வதன்று. விடியுமுன் பறித்த மொட்டுகள் ஆலைக்குச் செல்கின்றன. கரைப்பானில் ஊறி, மெழுகு போன்ற திரளாகி, மேலும் தூய்மையுற்றுச் சாறாகி, கப்பலேறி உலக வாசனைகளுள் கலக்கின்றன. ஒரு கிலோ தூய சாற்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் கிலோ பூவரை வேண்டும். ஒரு பெண் காலையெல்லாம் குனிந்து பறித்தாலும் சில கிலோவே சேரும் என்பதை எண்ணினால் அக்கணக்கின் பளு விளங்கும். மலிவுக் குப்பியில் இந்தச் சாறு குறைவு, அல்லது அறவே இல்லை. ஆகவே விலையுயர்ந்த குப்பியை வாங்கினால் நிலக்கோட்டை உழவர்க்கு நன்மை என்று ஒருவர் வாதிடலாம். வாதம் அழகாய்த்தான் இருக்கின்றது. ஆயின் மாலைச் சந்தையில் பூவின் விலை வீழ்ந்த நாளில்தான் ஆலைக்குச் செல்லும் பூ மிகுகின்றது. முகூர்த்த நாளில் உழவர் ஆலையை ஏறிட்டும் பாரார். பாரீசில் குப்பியின் விலை ஏறுவதனால் நிலக்கோட்டையில் பூவின் விலை ஏறியதாக நாம் கேள்விப்பட்டதில்லை. அந்தப் பெண்ணின் கூலியை உயர்த்த வேறு வழிதான் தேட வேண்டும்.

இதுகாறும் ஒத்த மணத்திற்காக வாதிட்டோம். போலிக்காக நாம் ஒரு சொல்லும் சொல்ல மாட்டோம். இவ்விரண்டையும் ஒன்றாய்க் கருதுவதே இன்றைய குழப்பத்திற்கு வேர். அர்மாஃப் தன் பெட்டியின்மேல் அர்மாஃப் என்றே எழுதியிருக்கின்றது. கடைத்தெருவில் 'ஃபர்ஸ்ட் காப்பி' என்று காதோடு சொல்லி விற்கப்படுவதோ கிரீட் என்றும் ஷனேல் என்றும் எழுதிக்கொண்டு வருகின்றது. உள்ளிருக்கும் நீர்மம் சில வேளை நன்றாகவே மணக்கும். அது நம் கவலையன்று. அதைச் செய்தவர் யார், எந்தக் கரைப்பானைக் கொண்டு செய்தார், தோல் வெந்துபோனால் யாரைக் கேட்பது என்பதற்கு விடையில்லை. நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டு ஒப்பனைப் பொருள் விதிகள் ஆக்கியோர் பெயரையும் முகவரியையும் தொகுதி எண்ணையும் பெட்டியின்மேல் கேட்கின்றன. போலிப் பெட்டியில் அவையும் இருக்கும். அவையும் பொய்யாய் இருக்கும்.

இப்போலிகள் மிகுதியாய் நுழைவது எங்கே? நம் சமுதாயப் பெரியோர் செவிசாய்க்க வேண்டிய செய்தி இது. மாப்பிள்ளைக்கு அனுப்பும் பெட்டியில் முன்பு ஒரு குப்பி அத்தரும் பன்னீரும் இருந்தன. இன்று இன்ன பெயருடைய 'செண்ட்' என்று சொல்லாமற் சொல்லிவிடுகின்றனர். பெண்ணைப் பெற்றவர் என்ன செய்வார்? வளைகுடாவில் மகன் இருந்தால் அவனுக்கு எழுதுவார். இல்லையேல் கடைத்தெருவுக்குச் சென்று, பெயர் சரியாயிருக்கின்றதா என்று மட்டும் பார்த்து வாங்கி வருவார். பெயரைக் கேட்பவர்க்குப் பெயரே கிடைக்கின்றது. பெட்டியைத் திறந்த கைகளுள் எத்தனை, அதை அறிந்தும் அறியாதன போல் மூடி வைத்திருக்கும்! தந்தையின் பொருளையும் வாங்குபவரின் மெய்யையும் ஒருங்கே பலிகொள்ளும் இவ்வழக்கத்திற்கு ஈடாக, தன் பெயரோடு வரும் இரண்டாயிரம் ரூபாய்க் குப்பியை முகமலர்ந்து ஏற்கும் ஒரு மணமகன் போதுமே. அவ்வாறு ஏற்கப் பழகுவதற்குக் கல்லூரிப் பருவமே ஏற்ற பருவம்.

மாணவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'இது டூப் தானே?' என்று அறைத்தோழரைக் கேலி செய்வது இன்று விளையாட்டாகிவிட்டது. கேலிக்குள்ளானவர் அடுத்த முறை பெற்றோரிடம் பொய்க் கணக்கெழுதிப் பெரும்பெயரை வாங்குகின்றார். அல்லது ஐந்நூறு ரூபாய்க்கு ஃபர்ஸ்ட் காப்பியை வாங்கி அசல் என்று சாதிக்கின்றார். இரண்டிலும் மணத்தைவிடப் பெரிது ஒன்று கெடுகின்றது. 'ஆம், இது அர்மாஃப். எனக்குப் பிடித்திருக்கின்றது' என்று சொல்லும் மாணவர்முன் கேலி நில்லாது.

அத்தர்க் கடைகளையும் இவ்விடத்தில் விட்டுவிட இயலாது. வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாயிலில் மரப்பெட்டியை விரித்து 3 மில்லி, 6 மில்லி குப்பிகளில் விற்கும் பெரியவரை நாம் அனைவரும் அறிவோம். நறுமணம் பூசுதல் நபிவழி என்று போற்றும் மக்களுக்கு அவர் ஆற்றும் தொண்டு சிறிதன்று. சாராயம் கலவாத எண்ணெய் மணம் என்பதும் அத்தரை நாடுதற்கு ஒரு காரணம். அது பற்றிய சட்ட ஆய்வு உலமாக்களுக்கு உரியது, நாம் புகவில்லை. அப்பெட்டியில் ரோசா, மரிக்கொழுந்து ஆகியவற்றின் அருகே 'கூல் வாட்டர்' என்றும் 'ஒன் மேன் ஷோ' என்றும் கையால் எழுதிய சீட்டுகளும் இருக்கும். 1980-களில் மேலை நாட்டில் தோன்றிய அப்பெயர்கள் நம் ஊர் வாயிலில் அத்தராய் மறுபிறவி எடுத்துள்ளன. கேட்டால், 'அந்த வாசனை மாதிரி' என்று பெரியவர் நேர்மையோடு சொல்வார். 'மாதிரி' என்னும் அச்சொல்லைச் சீட்டிலும் எழுதிவிட்டால் நமக்கு வேறு குறையில்லை.

குறை வேறோர் இடத்தில் உண்டு. மரபு வழி அத்தர் என்பது கன்னோசியில் செப்புக் கொப்பரையில் பூவை இட்டு, மூங்கிற் குழாய்வழி ஆவியை ஏற்றி, சந்தன எண்ணெயில் இறக்குவது. மழை பட்ட மண்ணின் மணத்தையும் அவ்வாறே இறக்குவர். சந்தனம் கிட்டாத பொருளாகிவிட்ட பின், அதனிடத்தில் மணமற்ற பாரஃபின் எண்ணெயும் பிற வேதி எண்ணெய்களும் அமர்ந்தன. அதனைச் சொல்லி விற்போர் உளர். சொல்லாது 'சந்தன அத்தர்' என்று விற்போரும் உளர். அயல்நாட்டுப் பெருநிறுவனத்தின் பெயரைத் திருடுவது மட்டுமா போலி? சந்தனத்தின் பெயரைத் திருடுவதும் போலியே. 'நம்மவர் பொருள்' என்னும் பரிவு இதற்குத் திரையாகக் கூடாது. புகார் நகர வீதியில் சாந்தும் சுண்ணமும் விரையும் விற்றோரைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. அக்கடல்துறையில் அளவு பிறழாத வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகின்றது. அம்மரபைத் தமிழ்த் துறையின் மலரில் நினைவூட்டுவது மிகையாகாது என நம்புகிறோம்.

வாங்க விழைவோர்க்குச் செயல்முறையாக ஒன்றிரண்டு. கடையில் தெளித்தவுடன் முடிவெடுத்தல் வேண்டா. முதல் கால்மணி நேரத்து மணம் வாங்குபவரை மயக்குவதற்கென்றே அமைந்தது. எஞ்சிய நாள் முழுதும் உடன் வருவது அடிமணம். 100 மில்லிக் குப்பிக்கு முன்னால் 3 மில்லியோ 5 மில்லியோ வாங்கிப் பழகுக. வகுப்பறைக்கு வருவோர் ஒரு தெளிப்போடு நிறுத்திக்கொண்டால் அறுபது பேர் அமர்ந்த அறையில் தலைவலி குறையும். ஆசிரியர்கள் சார்பில் இதை வலியுறுத்துகிறோம்.

விலையுயர்ந்ததும் மலிவானதும் உண்மையில் எவ்வளவு வேறுபடுகின்றன என்று அறிய விழைவோர் இரண்டு வெண்கைக்குட்டைகளை எடுத்துக்கொள்க. மணிக்கட்டில் பூசினால் உளூச் செய்கையில் கழுவிப்போகும். நண்பர் ஒருவர் இரு குப்பிகளையும் காகிதத்தில் சுற்றி, ஒன்று இரண்டு என எண்ணிட்டுத் தரட்டும். லுஹருக்கு முன் ஒவ்வொரு குட்டையிலும் ஒவ்வொன்றைத் தெளித்து, குட்டையிலும் அவ்வெண்ணையே குறித்துக்கொள்க. அஸர் நேரத்தில் ஒருமுறை, மஃரிபுக்குப் பின் ஒருமுறை, இஷா முடிந்து ஒருமுறை முகர்க. எது எனக்கு உகந்தது, அதற்கு நான் எவ்வளவு கொடுப்பேன் என்று ஒரு தாளில் எழுதி மடித்து நண்பரிடம் கொடுத்துவிடுக. காகிதத்தைப் பிரிப்பது அதன் பின்னர்.